வேப்பிலை கட்டி எழுதிய பரீட்சை

ஒரு நர்ஸ் பொய் சொல்லக் கூடாது. அதிலும் நோயைப் பற்றிச் சொல்லவே கூடாது. இதை எனக்கு நர்சிங் கல்லூரியில் நாலு வருஷம் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு பதினோரு வருஷம் நானே ஜூனியர் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதுவும் போதாதென்று மேல்படிப்பில் சேர்ந்து, 'நர்சிங் அறநெறி' என்று ஒரு முழுப் பாடத்தையும் உட்கார்ந்து படித்தேன். அந்தப் பாடத்துக்குப் பரீட்சை நடந்த அன்றுதான் எங்கள் வீட்டு வாசலில் பொய்யாக ஒரு கொத்து வேப்பிலையைக் கட்டினேன்.

அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். வேலையை விட்டுவிட்டுப் படிக்க வழியில்லை, படிக்காமல் மேலே போகவும் வழியில்லை. அதனால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆன்லைன் முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். (இங்கே காலேஜில் பாடம் நடத்த அந்தப் பட்டம் செல்லாது. ஆனால் சூப்பர்வைசர் பதவிக்கு ஏற்றுக்கொள்வோம் என்று எங்கள் ஆஸ்பத்திரியில் கடிதமே கொடுத்திருந்தார்கள். அதை லேமினேட் செய்து பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தேன்.)

மூன்று வருஷம் எப்படிப் படித்தேன் என்று இப்போது கேட்டால் எனக்கே சரியாகத் தெரியாது. டவுன் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு பாடம் கேட்பேன். பாதிப் பாடத்தில் தூங்கி, டெப்போவில் கண்டக்டர் எழுப்பிவிடுவார். கூடப் படித்த வெளிநாட்டுப் பெண்கள் எல்லாம், 'வேலைப்பளுவிலிருந்து நீங்கள் எப்படி உங்களைக் காத்துக்கொள்கிறீர்கள்?' என்ற கேள்விக்கு, ஏரிக்கரையில் நடப்பேன், தியானம் செய்வேன் என்று எழுதுவார்கள். நான், 'சோறு வடித்து முடித்ததும் ஐந்து நிமிஷம் உட்காருவேன்' என்று எழுதினேன். பேராசிரியர் அதற்கு 'மிக ஆழமான பதில்' என்று குறிப்பு போட்டிருந்தார்.

எல்லாப் பாடமும் ஒரு வழியாக முடிந்து, கடைசியில் நின்றது இந்த அறநெறி ஒன்றுதான்.

வீட்டிலிருந்தே எழுதுகிற பரீட்சை. கேட்பதற்குச் சுகமாக இருக்கும். ஆனால் லேப்டாப் கேமரா வழியாக எங்கோ ஒரு தேசத்திலிருந்து ஒரு கண்காணிப்பாளர் மூன்று மணி நேரமும் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார். அறையில் இன்னொரு ஆள் இருக்கக் கூடாது. வாயைத் திறக்கக் கூடாது. எழுந்திருக்கக் கூடாது. மூன்று எச்சரிக்கை வந்தால் பரீட்சை ரத்து.

இங்கேதான் எனக்குச் சிக்கல். புதுச்சேரியில் சாரம் என்ற பகுதியில் நாங்கள் குடியிருப்பது ஒரே காம்பவுண்டுக்குள் சுவரோடு சுவர் ஒட்டிய நாலு வீட்டில் ஒன்று. மாடியில் வீட்டுக்கார அம்மா. அவர் வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து காலமானவர். அதனால் தெரு முழுக்க அந்த அம்மாவை 'மதாம்' என்றுதான் கூப்பிடும். ஒரு காம்பவுண்டில் நர்ஸ் குடியிருந்தால் அது ஆரம்ப சுகாதார நிலையம் என்று அர்த்தம். சர்க்கரை பார்க்க ஒருவர், கட்டுப் பிரிக்க ஒருவர், மாத்திரை அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து "இது காலைக்கா ராத்திரிக்கா?" என்று கேட்க ஒருவர். யாரும் கதவைத் தட்டுகிற வழக்கம் கிடையாது. நேராக உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்துவிடுவார்கள்.

முதல் தடவை அந்தப் பரீட்சையை எழுதியபோது அப்படித்தான் ஆனது. நாற்பது நிமிஷம் நன்றாகப் போனது. பின்னால் கட்டில் கிறீச்சென்றது. கேமராவில் பார்த்தால், என் தோளுக்குப் பின்னால் மதாம் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கையை நீட்டிக்கொண்டிருக்கிறார்.

"விஜி, தான்சியோன் பாரும்மா. காலைலேர்ந்து தலை சுத்துது."

(மதாமுக்கு இரத்த அழுத்தம் என்றால் தான்சியோன்தான். பிபி என்று சொன்னால் அது வேறு ஏதோ வியாதி என்று நினைப்பார்.)

"மதாம், பரீட்சை எழுதறேன்..." என்று திரும்பினேன். பேசினேன், முகத்தைத் திருப்பினேன், அறையில் இன்னொருவர். ஒரே மூச்சில் மூன்று எச்சரிக்கை. திரை கறுத்துவிட்டது.

"அணைஞ்சிடுச்சா? அப்ப சும்மாதான இருக்க, பாரு" என்றார் மதாம். பார்த்தேன். அவருக்கு நூற்று முப்பது, எனக்குத்தான் எகிறியிருக்கும்.

பல்கலைக்கழகம் இன்னொரு வாய்ப்பு கொடுத்தது. அதுதான் கடைசி. அதிலும் ரத்தானால் என் பதிவுக்காலம் முடிந்துவிடும், மூன்று வருஷப் படிப்பும் தண்ணீரில் போய்விடும். எங்கள் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் மார்க்ரெட் மேடமும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "அடுத்த மாசம் சூப்பர்வைசர் போஸ்ட் ஒண்ணு காலி ஆவுது. சர்ட்டிபிகேட்டோட வந்தீனா உனக்கு. இல்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

பரீட்சை ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை மதியம். காம்பவுண்டில் எல்லாரும் வீட்டில் இருக்கிற நாள். மதியம் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு, வேறு வேலை இல்லாததால், ஒவ்வொருவராக உடம்பைக் காட்ட வருகிற நாள். முன்கூட்டியே சொல்லிப் பார்த்தேன். அடுத்த வீட்டுக் கனகா அக்கா, "எழுது எழுது. நாங்க இன்னா உன் கையவா புடிக்கப் போறோம்? ஒரு நிமிஷம் எங்கப்பா காலு புண்ண மட்டும் பாத்துட்டு எழுது" என்றார். வெளியே பூட்டுப் போடலாம் என்றால், ஜன்னலில் வந்து கூப்பிடுவார்கள். மாமியார் வீட்டுக்கு வில்லியனூர் போய் எழுதலாம் என்றால், அங்கே இன்டர்நெட் வருவது மழை வருகிற மாதிரி.

சனிக்கிழமை டூட்டி முடிந்து வரும்போது, கோயில் வாசலில் வேப்பிலை விற்றுக்கொண்டிருந்தார்கள். பார்த்ததும் எனக்கு மண்டையில் விளக்கு எரிந்தது.

வாசலில் வேப்பிலை கட்டியிருந்தால் அந்த வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று அர்த்தம். வெளி ஆள் யாரும் உள்ளே வரமாட்டார்கள். சத்தம் போட்டுப் பேசமாட்டார்கள். எம்.எல்.ஏ.வே ஓட்டுக் கேட்டு வந்தாலும் வாசலில் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். மூன்று மணி நேரத்துக்கு இதைவிடப் பெரிய காவல் உண்டா?

என் வீட்டுக்காரர் பாஸ்கரிடம் சொன்னேன். அவர் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். பொய் சொன்னால் காது சிவந்துவிடுகிற ஜாதி.

"விஜி, வேணாம். ஆத்தா விஷயத்துல வெளையாடாத."

"பொய் எங்கங்க சொல்றோம்? வேப்பிலை கட்டக் கூடாதுன்னு சட்டமா? வாசலுக்கு நல்லதுன்னு கட்றோம். யாராவது அவங்களா எதாவது நெனச்சிக்கிட்டா அதுக்கு நாம பொறுப்பா?"

(பாருங்கள் வாதத்தை! அறநெறிப் பாடத்தில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருந்தது. தவறான எண்ணம் உண்டாகும்படி நடந்துகொள்வதும் பொய்தான் என்று அதில் நான் மஞ்சள் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தேன்.)

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைக்கு நானே வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைக் கட்டினேன். "யாராவது கேட்டா வாயத் தொறக்காதீங்க, சும்மா மண்டைய ஆட்டுங்க" என்று சொல்லி, பாஸ்கரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். விதிப்படி என் போனை அணைத்துச் சமையலறை அரிசி டப்பாவில் போட்டேன். அவர் போன் உள்ளே சார்ஜில் கிடந்தது.

ஒரு மணிக்குக் கண்காணிப்பாளர் வந்தார். முகம் கிடையாது, குரல் கிடையாது. திரையின் ஓரத்தில் ஒரு கட்டத்தில் ஆங்கிலத்தில் தட்டுவார், அவ்வளவுதான். லேப்டாப்பைத் தூக்கி அறை முழுக்கக் காட்டச் சொன்னார். காட்டினேன். சுவரில் தொங்கிய நாள் காட்டியில் எழுத்து இருக்கிறது, எடுங்கள் என்றார். (மேஷம்: அலைச்சல். இதை வைத்து நான் எந்தக் கேள்விக்குப் பதில் எழுத முடியும்?) எடுத்தேன். கடைசியாக, முகத்தில் வெளிச்சம் போதவில்லை, பக்கத்து ஜன்னலைத் திறங்கள் என்றார். அந்த ஜன்னல் காம்பவுண்டைப் பார்த்த ஜன்னல். பாதி கேமராவிலும் விழும். வேறு வழியில்லாமல் திறந்தேன்.

முதல் முக்கால் மணி நேரம் சொர்க்கம். காம்பவுண்டில் ஒரு பாத்திரச் சத்தம்கூட இல்லை. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு எழுதினேன்.

அந்த நேரத்தில் வெளியே என்ன நடந்தது என்பது பிற்பாடு தெரிந்ததுதான். கனகா அக்கா வேப்பிலையைப் பார்த்திருக்கிறார். "யாருக்குப்பா?" என்று கேட்டிருக்கிறார். பாஸ்கர் மண்டையை ஆட்டினார். "யாருக்குன்னு கேட்டா மண்டைய ஆட்ற? விஜிக்கா?" என்றதும் அதற்கும் ஆட்டியிருக்கிறார். அதற்கு மேல் அங்கே உட்கார்ந்தால் காது எரிந்துவிடும் என்று டீக்கடைக்கு ஓடிவிட்டார். என் காவல்காரரின் பணி பதினைந்து நிமிஷத்தில் முடிந்தது.

கனகா அக்கா சும்மா இருப்பாரா? பாசக்காரி. முதல் காரியமாக நாலு வீட்டு அடுப்பையும் அணைக்க வைத்தார். அம்மை போட்ட வீட்டுக்குப் பக்கத்தில் தாளிக்கக் கூடாது, மீன் வறுக்கக் கூடாது. அன்றைக்குப் பார்த்து எல்லா வீட்டிலும் வஞ்சிரம். மசாலா தடவி எண்ணெய் காய்ந்துகொண்டிருந்த நிலையில் எடுத்து வைத்துவிட்டார்கள். மதாம் வீட்டில் மட்டும் பாதி வறுத்தாயிற்று. அதையும் மூடி வைத்துவிட்டு, ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டாராம்.

இரண்டாவது காரியம்தான் என் தலையில் இடியாக விழுந்தது. கனகா அக்கா வீட்டுக்காரர் எங்கள் ஆஸ்பத்திரியில்தான் ஆம்புலன்ஸ் டிரைவர். அவருக்குப் போன் போட்டு, "விஜிக்கு அம்மை போட்டிருக்குதுங்க, பாவம், பத்து நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வராதுன்னு சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரி இதை அப்படியே ஒரு லீவு லெட்டராக எடுத்துக்கொள்ளுமா? பிரசவ வார்டு நர்ஸுக்கு அம்மை. கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே அது அடுத்தவருக்குத் தொற்றும். நேற்று அவள் கர்ப்பிணிகளைத் தொட்டிருக்கிறாள், பிறந்த குழந்தைகளைத் தூக்கியிருக்கிறாள். என் கோப்பை எடுத்துப் பார்த்தால், அம்மைத் தடுப்பூசி இரண்டாவது டோஸ் போட்டதாகப் பதிவில்லை. (படிப்பு பிஸி. 'அப்புறம் போட்டுக்கறேன்' என்று ஒரு வருஷமாகத் தள்ளிப்போட்டிருந்தேன்.) என் போன் அரிசியில். பாஸ்கர் போன் சார்ஜில், சத்தம் இல்லாமல்.

இது எதுவும் தெரியாமல் நான் உள்ளே 'நோயாளியின் தனியுரிமை' பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது ஜன்னல் பக்கம் குலவைச் சத்தம் கேட்டது.

கண்காணிப்பாளர்: 'உங்கள் அறையில் குரல்கள் கேட்கின்றன. யார்?'

தட்டினேன்: 'அறையில் இல்லை. வெளியே. கோயில்.'

தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஈரத் தலையோடு மஞ்சள் தண்ணீரும் கூழும் இளநீருமாக வாசலுக்கு வந்து, அம்மனைக் குளிர வைக்க மெதுவான குரலில் பாட ஆரம்பித்திருந்தார்கள். எனக்காக. என் உடம்பு தேற வேண்டும் என்று. உள்ளே எனக்கு வியர்த்து ஊற்றியது.

கண்காணிப்பாளர்: 'அவர்கள் பாடல் மூலம் உங்களுக்குப் பதில் சொல்கிறார்களா?'

நான்: 'இல்லை. அது பக்திப் பாட்டு.'

கண்காணிப்பாளர்: 'எச்சரிக்கை ஒன்று.'

பாட்டு நின்றது. கனகா அக்கா குரல் மட்டும் ஜன்னலுக்குப் பக்கத்தில் கேட்டது. "தாயே, எங்க விஜிய கஷ்டப்படுத்தாம எறங்கிப் போயிடு. அவ கையால வருஷா வருஷம் ஆடிக்கு ஒனக்குக் கூழு ஊத்த வெக்கறேன்னு வேண்டிக்கறேன்." எனக்கு 'ஐயோ' என்று வந்ததை உதட்டைக் கடித்து அடக்கினேன். கைப்பிடி மண்ணை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

இரண்டரை மணி நேரம் ஓடி, கடைசிக் கேள்விக்கு வந்துவிட்டேன். இருபது மதிப்பெண். 'நர்ஸின் சொந்த நலனும் நோயாளியின் நலனும் மோதும் சூழலில் எது முதன்மை பெற வேண்டும்? உதாரணத்துடன் விளக்குக.'

இதை நான் தூக்கத்தில் கேட்டாலும் எழுதுவேன். 'எந்தச் சூழலிலும் நோயாளியின் நலனே முதன்மை' என்று ஆரம்பித்து, வேகமாகத் தட்டிக்கொண்டு போனேன். இன்னும் பத்து நிமிஷம் போனால் சூப்பர்வைசர்.

அப்போதுதான் ஆம்புலன்ஸ் வந்து நிற்கிற சத்தம்.

திரையில் என் முகத்துக்குப் பக்கத்தில் தெரிந்த பாதி ஜன்னலில் ஓர் உருவம் எழுந்தது. தலை முதல் கால் வரை வெள்ளைப் பாதுகாப்பு உடை. கண்ணாடி, முகக்கவசம், கையுறை. கொரோனா காலத்துக்குப் பிறகு அந்தக் கோலத்தில் நான் யாரையும் பார்த்ததில்லை. பாட வந்திருந்த பெண்கள் அலறிக்கொண்டு விலகுவது கேட்டது.

கண்காணிப்பாளர் இப்போது வேகமாகத் தட்டினார்: 'ஜன்னலில் இருப்பது யார்? எச்சரிக்கை இரண்டு. நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்களா?'

'பாதுகாப்பாக இருக்கிறேன்' என்று தட்டினேன். அதுவும் பொய்.

"விஜி!" கவசத்துக்குள்ளிருந்து வந்தது மார்க்ரெட் மேடம் குரல். "ஏம்மா போன எடுக்க மாட்டேங்கற? ஜுரம் எப்பலேர்ந்து? கொப்புளம் எப்பம்மா வந்தது?"

நான் வாயைத் திறக்கவில்லை. கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. மேடம் நான் ஜுர வேகத்தில் பிரமை பிடித்து உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"சரி, பேச முடியலன்னா பரவால்ல, கேளு. நேத்து நீ பாத்த கர்ப்பிணிங்க ஆறு பேருக்கும் ரத்தம் எடுத்தாச்சு. மூணாம் நம்பர் பெட்டு பொண்ணு அழுதுக்கினே இருக்குது, கொழந்தைக்கு எதாவது ஆயிடுமோன்னு. அவளுக்குப் பாதுகாப்பு ஊசி போட டாக்டரு ரெடியா நிக்கிறாரு. வேற யாரையாவது தொட்டியா? அத மட்டும் சொல்லு விஜி. கைய ஆட்டினாக்கூடப் போதும்."

மூன்றாம் நம்பர் பெட் பெண்ணை எனக்குத் தெரியும். காலாப்பட்டுப் பக்கம் மீனவக் குப்பத்திலிருந்து வந்தவள். இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய கரு. முந்தின நாள்தான் என் கையைப் பிடித்து, "இந்தத் தபா நல்லா பொறந்துடும்ல சிஸ்டர்?" என்று கேட்டிருந்தாள். நல்லா பொறக்கும் என்று நான்தான் சொல்லிவிட்டு வந்தேன்.

திரையில் நான் எழுதிய வாக்கியம் நின்றுகொண்டிருந்தது. எந்தச் சூழலிலும் நோயாளியின் நலனே முதன்மை. அதற்குப் பக்கத்தில் கடிகாரம், ஒன்பது நிமிஷம் சொச்சம்.

ஒன்பது நிமிஷம்தானே, முடித்துவிட்டுச் சொல்லலாமே என்று மனசு கணக்குப் போட்டதை இங்கே மறைக்க மாட்டேன். இரண்டு மூன்று விநாடி போட்டது. அந்த விநாடிகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். "மேடம், ஊசிய நிறுத்தச் சொல்லுங்க! எனக்கு அம்மை இல்ல! ஒண்ணும் இல்ல! பரீட்சைக்கு யாரும் உள்ள வரக் கூடாதுன்னு வேப்பிலை கட்டினேன்!"

பின்னால் 'டிங்' என்றது. திரும்பிப் பார்க்காமலே தெரியும். மூன்றாவது எச்சரிக்கை. தேர்வு நிறுத்தப்பட்டது.

வெளியே பார்த்தேன். ஏழெட்டு ஈரத் தலைகள், ஒரு கூழ்ப் பானை, நாலு இளநீர், ஒரு விண்வெளி வீரர் கோலத்து மார்க்ரெட் மேடம், மாடிப்படியில் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டபடி மதாம். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். முதலில் வாயைத் திறந்தது கனகா அக்காதான்.

"அப்ப எங்க வஞ்சிரம்?"

மேடம் அவரைக் கண்டுகொள்ளாமல், தள்ளிப் போய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஊசியை நிறுத்தினார். திரும்பி வந்து, கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே முகம் வியர்வையில் ஊறி வெந்திருந்தது. இன்றைக்கு வேலை போயிற்று என்று நான் தலையைக் குனிந்து நின்றேன்.

"எந்த சப்ஜெக்ட்டுடி பரீட்சை?"

"எதிக்ஸ் மேடம்."

மேடம் என்னைப் பார்த்தார். வேப்பிலையைப் பார்த்தார். அப்படியே வாசல்படியில் உட்கார்ந்து, அந்த வெள்ளை உடை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்ததும் தெருவே சிரித்தது. நான் மட்டும் அழுதேன். அந்த நேரம் பார்த்து பாஸ்கர் டீக்கடையிலிருந்து ஒன்றும் தெரியாமல் கையில் பார்சல் பஜ்ஜியோடு வந்து, "முடிஞ்சிடுச்சா விஜி? நல்லா எழுதினியா?" என்றார்.

சிரித்தாரே தவிர, மேடம் விடவில்லை. மறுநாள் மெமோ கொடுத்தார். அதோடு, அந்த ஆறு கர்ப்பிணிகளின் படுக்கைக்கும் நானே போய், நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வைத்தார். அதுதான் உண்மையான தண்டனை. ஐந்து பேர் திட்டினார்கள். திட்டியது நியாயம். மூன்றாம் நம்பர் பெட் பெண் மட்டும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப ஒங்க ஒடம்பு நல்லாத்தான் இருக்குதா சிஸ்டர்? ஒங்களுக்கும் சேத்துதான் நேத்து அழுதேன்" என்றாள். நான் டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பல்கலைக்கழகத்துக்கு நடந்ததை நடந்தபடியே எழுதி அனுப்பினேன். (வேப்பிலை என்பதை ஆங்கிலத்தில் விளக்குவதற்கே ஒன்றரைப் பக்கம் ஆயிற்று.) மேடமும் ஒரு கடிதம் வைத்தார். அதை என்னிடம் காட்டவில்லை. ஒரு வரி மட்டும் பின்னால் தெரிந்தது: 'இவள் வாசலில் பொய் சொன்னாள், ஜன்னலில் உண்மை சொன்னாள்.' அவர்கள் குழு கூடி, ஒன்றரை மாதம் யோசித்து, கடைசியாக ஒரு முறை எழுத விட்டார்கள். ஆஸ்பத்திரியில் மேடத்தின் அறையிலேயே எழுதினேன். வாசலில் மேடம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கொசு உள்ளே வரவில்லை.

பாஸானேன். ஆனால் சூப்பர்வைசர் பதவி அதற்குள் வேறொருத்திக்குப் போய்விட்டது. மேடம் எனக்கு வேறொரு பொறுப்பைக் கொடுத்தார். தொற்றுக் கட்டுப்பாட்டு சிஸ்டர். ஆஸ்பத்திரியில் யாருக்கு அம்மை வந்தாலும், கவசம் மாட்டிக்கொண்டு ஓட வேண்டியவள் இனி நான். "இந்த வேலைக்கு உன்னவிட அனுபவசாலி யாரும்மா?" என்றார். முதல் வேலையாக என் இரண்டாவது டோஸைப் போட்டுக்கொண்டேன்.

வேண்டுதலும் விடவில்லை. "எனக்குத்தான் அம்மையே வரலையேக்கா" என்றால், கனகா அக்கா, "வரல இல்ல? அதான் ஆத்தா செஞ்சது. ஊத்து கூழ" என்பார். வராத அம்மைக்கு ஐந்து வருஷமாக ஆடிதோறும் கூழ் ஊற்றுகிறேன். வரிசையில் நின்று வாங்குகிறவர்கள் எல்லாரும், "இந்த வருஷம் இன்னா பரிச்ச?" என்று கேட்டுவிட்டுத்தான் சொம்பை நீட்டுவார்கள்.

போன பங்குனியில் பாஸ்கருக்கு உண்மையிலேயே அம்மை போட்டது. முகம், முதுகு எங்கும் கொப்புளம். கம்பெனியில் யாருக்கோ வந்து ஒட்டிக்கொண்டது. முறைப்படி வாசலில் வேப்பிலை கட்டினேன். நாலு வீட்டுக்கும் போய்ச் சொல்லலாம் என்று வெளியே வந்தால், கனகா அக்கா காம்பவுண்டில் விளையாடிய பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருந்தார்.

"ஷ்ஷ்! போங்க அந்தாண்ட! விஜி அக்காவுக்குப் பரிச்ச!"

"அக்கா, பரீட்சை இல்ல. நெசமாவே அம்மை. அவருக்கு."

"தெரியும் தெரியும். போன தபா மாதிரி யாரும் தொல்ல பண்ண மாட்டோம். நீ போயி எழுது."

"சத்தியமாக்கா! யாரும் கிட்ட வராதீங்க, ஒட்டிக்கும்! நான்தான் ஆஸ்பத்திரியிலேயே இதுக்கு இன்சார்ஜு!"

"டாக்டரு பட்டத்துக்கு எழுதுறா போல" என்று கனகா அக்கா மாடியைப் பார்த்துச் சொன்னார். மாடியிலிருந்து மதாம் ஒரு கூடையைக் கயிற்றில் கட்டி இறக்கினார். உள்ளே புதுப் பேனா இரண்டு, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். "கூராஜ், விஜி! கூராஜ்!" என்று கையை ஆட்டினார். தைரியமாக எழுது என்று அர்த்தம்.

பகல் பன்னிரண்டு மணிக்கு நாலு வீட்டிலிருந்தும் வஞ்சிரம் வறுபடுகிற வாசனை ஒன்றாகச் சேர்ந்து ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. படிக்கிறவளுக்கு மூளைக்கு நல்லது என்று கனகா அக்கா இரண்டு துண்டைத் தட்டில் வைத்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே வாழையிலையில் படுத்து, மூன்று நாளாக உப்பில்லாத கஞ்சி குடித்துக்கொண்டிருந்த பாஸ்கர் மெல்லத் தலையைத் தூக்கினார்.

"விஜி, அந்தப் பரீட்சைய நானே எழுதறேன். அந்தத் தட்ட இப்படிக் குடு."